பதினேழு நாள் உள்ளி

உள்ளியை இப்போது உரித்தே விற்கிறார்கள். சுன்னாகம் சந்தைக்குக் கிட்டப் புதிதாக வந்திருக்கிற குளிரூட்டிய கடையில், பல்லுப் பல்லாக வெள்ளை வெளேரென்று பெட்டிக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். அரைத்த உள்ளி போத்தலிலும் உண்டு. கனடாவில் இருக்கிற என் மகள், "ஏனம்மா இருந்து உரிச்சுக்கொண்டிருக்கிறியள், அதை வாங்குங்கோவன்" என்று தொலைபேசியில் சொல்கிறாள். வாங்கி மிஞ்சுகிற நேரத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன் என்று அவளைக் கேட்டேன்.

என் வயதை ஒத்தவர்களே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்த காலத்தில் உள்ளி மணம் ஒரு செய்தி. ரசத்துக்கு நாலு பல்லுத் தட்டிப் போடுவதைச் சொல்லவில்லை. காலை பத்து மணிபோல, வறுத்தரைத்த மல்லியும் மிளகும் நற்சீரகமும் ஒரு கை உள்ளியும் நல்லெண்ணெயோடு கொதிக்கிற மணம் ஒழுங்கைக்கு வந்தால், அந்த வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது என்று அர்த்தம். ஆரும் வந்து சொல்ல வேண்டியதில்லை, மூக்கு இருந்தால் போதும். பத்தியக் கறி. பிள்ளை பெற்றவளுக்கு வயிற்றுப் புண் ஆற, வாயு கலைய, எல்லாவற்றுக்கும் மேலாகப் பால் சுரக்க. மிளகாய் கிடையாது, தேங்காய்ப்பால் கிடையாது. உள்ளியும், பால்சுறா அல்லது வேறு நல்ல மீனும்.

இப்போது எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டிலும் எந்த நேரமும் உள்ளி மணக்கிறது. போன மாதம் அடுத்த வீட்டுப் பிள்ளை தனியார் ஆஸ்பத்திரியில் பெற்றுக்கொண்டு வந்தாள். நாலாம் நாள் கொத்துரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். டொக்டர் எல்லாம் சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டாராம். நான் குறை சொல்ல வரவில்லை. அந்தக் கறியின் மணம் இனி இந்த ஒழுங்கையில் எழும்பாது என்பதில் எனக்கு நிம்மதிதான். அது ஏன் என்று இத்தனை வருடத்தில் ஒருவருக்கும் சொன்னதில்லை. சொல்லாமல் வைத்திருந்து ஒரு பிரயோசனமும் வரவில்லை, சொல்லியும் வரப்போவதில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தை மாதக் கடைசி. விடியப்புறம் பனி பெய்து வெங்காயத் தாள்களில் ஈரம் நிற்கிற காலம். வீட்டில் நான்கு பேர். ஐயா தோட்டக்காரர். வீட்டிலிருந்து ஒரு மைல் தள்ளி எங்கள் தோட்டமும் கிணறும் இருந்தன. அம்மா, நான். பிறகு மாமி, அதாவது ஐயாவின் மூத்த அக்கா. கலியாணம் செய்யாமல் எங்களோடேயே இருந்தவர்.

மாமி தீட்சை கேட்டவர். மச்சம் மாமிசம் தொடமாட்டார். உள்ளியும் அவருக்கு மச்சத்துக்குச் சமம்தான். அம்மாவுக்கோ உள்ளி என்றால் உயிர். முழு உள்ளியை அடுப்புத் தணலில் போட்டுச் சுட்டு, தோலைப் பிதுக்கி, உப்பில் தொட்டு வாயில் போடுவார். அந்த மணம் கிளம்பியதும் மாமி முற்றத்தில் நின்றபடி, "உந்த நாத்தத்துக்குள்ளை மனிசர் இருக்கிறதே" என்பார். அம்மா சத்தம் போடாமல் எனக்கும் ஒரு பல்லுப் பிதுக்கித் தந்து கண்ணைச் சிமிட்டுவார். வெளியில் கரகரவென்றும் உள்ளே வெண்ணெய்போலவும் இருக்கும். அது சண்டை இல்லை. இரண்டு பேருக்கும் அது ஒரு பொழுதுபோக்கு.

ஆனால் நான் பிறந்தபோது பத்தியம் காய்ச்சியவர் இதே மாமிதான். மீனைக் கழுவி வெட்டித் தர ஒரு பெண்ணைப் பிடித்துவைத்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் மூக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு, முப்பத்தொரு நாளும் உள்ளியும் சுறாவுமாகக் காய்ச்சினாராம். காய்ச்சி முடித்து, கிணற்றடியில் முழுகிவிட்டுத்தான் தன் சோற்றுக்கு உலை வைப்பாராம். பிள்ளை பெற்ற வீட்டில் எது முறையோ அது நடக்க வேண்டும், தன் பிடிப்பு வேறு விஷயம். அம்மா இந்தக் கதையை, மாமி மூக்கைக் கட்டியதை நடித்துக் காட்டிச் சிரிப்பார்.

தம்பி ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் வீட்டிலேயே பிறந்தான். நாள் ஆகவில்லை. ஒன்றரை மாதம் முந்திவிட்டான். அவனை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். வெள்ளைத் துணிக்குள் ஒரு மூக்கும் ஒரு கையும் தெரிந்தன. அழுகை சத்தமாக வரவில்லை. அம்மாவுக்கு இரத்தம் கூடப் போய், நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. அவரை அசைக்கக் கூடாது என்று மருத்துவிச்சி சொல்லிவிட்டார். ஐயா வாடகைக் கார் ஒன்றைப் பிடித்து, பிள்ளையை மட்டும் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்.

வியாழக்கிழமை காலை ஐயா நடந்து வந்தார். தலை ஈரம், வேட்டி ஈரம். எங்கேயோ முழுகிவிட்டு வந்திருக்கிறார் என்று பார்த்ததும் தெரிந்தது. மாமி படலையிலேயே அவரை மறித்தார். நான் மாமியின் பின்னால் நின்றேன்.

"முடிஞ்சுதோ?"

"ஓம் அக்கா. புதைச்சாச்சு."

மாமி படலைக் கம்பைப் பிடித்துக்கொண்டார். உள்ளே அம்மா காய்ச்சலில் என்னவோ பிதற்றுகிறது கேட்டது.

"அவளுக்குச் சொல்லாதை. சொன்னால் அவளையும் குடுத்துப்போட்டு இருக்க வேண்டியதுதான். முப்பத்தொண்டு கழியட்டும். உடம்பு தேறட்டும். பிறகு நான் சொல்லுறன்."

"கேப்பாளே அக்கா."

"கண்ணாடிப் பெட்டியிலை வைச்சிருக்கினம் எண்டு சொல்லுவம். மாசம் நிறையாத பிள்ளையளை அப்பிடித்தானே வைக்கிறவை." பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். "நீயும் அப்பிடித்தான் சொல்ல வேணும். விளங்கிச்சோ?"

விளங்கியது என்று தலையாட்டினேன். பள்ளிக்கூடத்தில் பொய் சொல்லக் கூடாது என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள். வீட்டில் சொல்லச் சொல்லிக் கட்டளை. எது பெரிது என்று அன்றைக்கு யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அம்மாவுக்குத் தெளிவு வந்தது. முதல் கேள்வி பிள்ளையைப் பற்றித்தான். மாமி கண்ணாடிப் பெட்டியைச் சொன்னார். அம்மா கேட்டுக்கொண்டு கிடந்தார். குசினிக்கு வந்த மாமி என்னைப் பக்கத்தில் இருத்தி, சுளகில் உள்ளியைக் கொட்டினார். "உரி. நாளைக்குப் பத்தியம் காய்ச்சாட்டி அவளுக்கு விளங்கிப் போம்" என்றார். பால் வேண்டாத தாய்க்கு ஒருவரும் உள்ளி கொடுக்கமாட்டார்கள். ஆகவே உள்ளி கொடுத்தால்தான் பிள்ளை இருக்கிறது. உள்ளி தொட்டால் முழுகுகிற மாமி, என்னோடு இருந்து இரண்டு கை உள்ளியையும் உரித்தார். மூக்கைக் கட்டவில்லை. கண் எரிகிறதென்று துடைத்துக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமை காலை மீன்காரர் வந்தார். கொழும்புத்துறையிலிருந்து சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வருகிறவர். கைபிடியில் பூட்டிய றப்பர்க் குமிழை அமுக்கி, பாம் பாம் என்று ஒழுங்கை முழுக்கக் கேட்கிற மாதிரி அடிப்பார். பிள்ளை பிறந்தால் பால்சுறா கொண்டுவர வேண்டும் என்று அம்மா மார்கழி மாதமே அவருக்குச் சொல்லி வைத்திருந்தார். ஆரோ சொல்லிக் கேள்விப்பட்டுத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார். மாமி படலைக்குப் போய், வாய் திறக்காமல் கையை மட்டும் அசைத்தார். மீன்காரர் மாமியின் முகத்தைப் பார்த்தார். வாழையிலையில் சுற்றி வைத்திருந்த சுறாவைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

அன்று மத்தியானம்தான் முதல் பத்தியக் கறி. கத்தரிப்பிஞ்சும் முருங்கைக்காயும் உள்ளியும். கோப்பையை நான்தான் கொண்டுபோனேன், மாமி பின்னால் வந்தார். அம்மா கறியைக் கிளறிப் பார்த்தார்.

"மீன் இல்லையோ மச்சாள்?"

"காய்ச்சல் விடட்டும். மச்சம் கூடாது."

"ஓம்" என்றார் அம்மா. முழுவதையும் சாப்பிட்டார். உள்ளிப் பல்லுகளை ஒதுக்கி வைத்துக் கடைசியில் ஒவ்வொன்றாகச் சாப்பிட்டார், தணலில் சுட்ட உள்ளியைச் சாப்பிடுகிற மாதிரியே.

உள்ளி தன் வேலையைச் செய்தது. ஞாயிற்றுக்கிழமை பால் வந்துவிட்டது. அம்மாவின் சட்டை இரண்டு இடத்தில் நனைந்திருந்தது. "பிள்ளை பசியிலை கிடக்கும். இதைக் கொண்டுபோய்க் குடுங்கோ" என்று ஐயாவைக் கூப்பிட்டார். இதை ஒருவரும் நினைத்திருக்கவில்லை. மாமியும் ஐயாவும் ஆளையாள் பார்த்தார்கள். அலுமாரிக்கு மேலே ஒரு மருந்துப் போத்தல் இருந்தது, பச்சைக் கண்ணாடி, தக்கை அடைப்பு. மாமி அதை அவித்துக் கழுவிக் கொடுத்தார். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பி இருந்து, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, அரைப் போத்தல் எடுத்தார். ஐயா அதைத் துணிப் பையில் போட்டு சைக்கிள் கைபிடியில் தொங்கவிட்டுக்கொண்டு போனார். இரண்டு மணித்தியாலம் கழித்து வெறும் போத்தலோடு வந்தார். "குடிச்சவனோ?" என்று அம்மா கேட்டார். "குடிச்சவன்" என்றார் ஐயா.

அடுத்த நாள் அம்மா சொன்னார், "இவளையும் கூட்டிக்கொண்டு போங்கோ. நீங்கள் ஒண்டையும் வடிவாப் பாத்துச் சொல்லமாட்டியள். இவள் வந்து சொல்லட்டும்."

நான் சைக்கிள் பாரில் ஏறி இருந்தேன். யாழ்ப்பாணத்துக்குப் போகிற றோட்டில் கொஞ்சத் தூரம் போய், ஐயா தோட்டத்துப் பாதையில் திரும்பினார். கிணற்றுக் கட்டில் என்னை இருத்தி, தானும் இருந்தார். போத்தலை மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் தக்கையைத் திறக்கவில்லை. தாய்ப்பாலைக் கால் மிதிபடுகிற இடத்தில் ஊற்றக் கூடாது என்பார்கள். அதனால் இறைப்பு நடந்துகொண்டிருந்த வாய்க்காலில், தண்ணீரோடு தண்ணீராக, சத்தம் வராமல் ஊற்றினார். தண்ணீர் ஒரு முழத்துக்கு வெளிறி, பிறகு வெங்காயப் பாத்திக்குள் போய்விட்டது. அந்தப் போக வெங்காயத்தில் ஒரு பிடிகூட வீட்டுக்கு வரவில்லை. ஐயா முழுவதையும் சந்தைக்கு ஏற்றிவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்வர எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் நாங்கள் அங்கே இருக்க வேண்டும். ஐயா என்னைப் பார்க்காமல் கேட்டார், "அம்மாவுக்கு என்ன சொல்லப் போறாய்?"

"தலைமயிர் கறுப்பு எண்டு சொல்லட்டே?"

அவர் யோசித்தார். "ஓம். சொல்லு" என்றார்.

அப்படித்தான் தொடங்கியது. தலைமயிர் கறுப்பு, நெற்றி வரை இருக்கிறது என்றேன். அம்மா தலையணையில் சாய்ந்திருந்து கேட்டார். "கண்?" என்றார். மூடியிருந்தான் என்றேன். மறுநாள் ஒரு கண்ணைத் திறந்தான். அதற்கு அடுத்த நாள் தும்மினான். இடது காதுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மறு வைத்தேன். "இடதோ, வலதோ?" என்று அம்மா திருப்பிக் கேட்டார். இடது என்று உறுதியாகச் சொன்னேன். வெள்ளை உடுப்புப் போட்ட நேர்ஸ் ஒருவர் அவனை ராசா என்று கூப்பிடுகிறார் என்றேன். அவன் பெட்டிக்குள் கிடந்து காலால் கண்ணாடியை உதைக்கிறான் என்றேன். அம்மா சிரித்தார். "உன்னை மாதிரித்தான். நீயும் வயித்துக்குள்ளை கிடந்து அந்த உதை" என்றார்.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதானே இதை எழுதுகிறேன். எனக்கு அது பிடித்திருந்தது. அதற்கு முன் அம்மா என்னோடு அவ்வளவு நேரம் கதைத்ததில்லை. அவர் ஓயாமல் வேலை செய்கிறவர், எந்த நேரமும் அடுப்படி, தோட்டம், மாடு. இப்போது பின்னேரம் முழுக்க நான் கட்டில் ஓரத்தில், அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு. அறையில் உள்ளியும் பாலும் வேப்பிலைப் புகையும் கலந்து ஒரு மணம். நான் தம்பியின் கையைக் கொஞ்சம் கொழுக்க வைத்தேன். அவனுக்கு ஒரு விக்கலைக் கொடுத்தேன். கிணற்றுக் கட்டில் இருந்து அன்றைய சேதியை யோசிக்கிறபோது, செத்தவனைப் பற்றி யோசிக்கிறேன் என்ற நினைவே எனக்கு வருவதில்லை. ஐயா மட்டும் சில வேளை என் பக்கம் திரும்பி, "நேற்று விக்கல் எண்டனீ. இண்டைக்கு நிண்டுட்டுதோ?" என்று கேட்பார். நின்றுவிட்டது என்பேன்.

காய்ச்சல் ஆறாம் நாளே விட்டுவிட்டது. மாமியின் கறியில் உள்ளி கூடிக்கொண்டே போனது. அம்மா கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார். பால் கட்டி நெஞ்சு கல்லுப்போலாகி, கையைத் தூக்க முடியாமல் அழுவார். அழுதுகொண்டே போத்தலை நிறைப்பார். "நாளைக்கு இன்னும் கொஞ்சம் கூடக் குடுத்துவிடுறன்" என்பார். உள்ளி தின்பதால் பால், பாலால் இந்த நோ. என் கதைக்காகத்தான் உள்ளி. ஒன்பது வயது மண்டைக்குள் இந்தக் கணக்கு ஓடத் தொடங்கிவிட்டது.

பதினாறாம் நாள் நான் புறப்படப் போகிறபோது அம்மா கூப்பிட்டார். கோப்பையில் அவிந்த உள்ளிப் பல்லு இரண்டு மிச்சம் வைத்திருந்தார். அதை எடுத்து என் இரண்டு உள்ளங்கையிலும் பூசித் தேய்த்தார்.

"கழுவிப்போடாதை. பெட்டிக்குள்ளை கையை விட விடுவினமெண்டால் அவன்ரை முகத்துக்குக் கிட்டப் பிடி. வயித்துக்குள்ளை இருக்கேக்கை நான் திண்ட உள்ளிதானே. மணம் அவனுக்குத் தெரியும்."

கிணற்றுக் கட்டில் இருந்து நான் கையை மணந்து பார்த்தேன். பிறகு அழத் தொடங்கினேன். அது நிற்கவில்லை. ஐயா போத்தலை வாய்க்காலில் ஊற்றிவிட்டு, என்னைச் சைக்கிளில் ஏற்றினார். அன்று வீட்டுக்கு வந்து, தம்பி நித்திரை என்று மட்டும் சொன்னேன்.

பதினேழாம் நாள் வியாழக்கிழமை. மாமி கிணற்றடியில். நான் கறியோடு உள்ளே போனேன். அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே, "மணத்துக்கு முழிச்சவனோ? நேற்று நீ ஒண்டும் சொல்லேல்லை" என்றார்.

"அம்மா, தம்பி இல்லை."

அவர் கை நின்றது.

"அண்டைக்கே செத்துப்போனான். ஐயா புதைச்சுப்போட்டு வந்தவர். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போறேல்லை. கிணத்தடியிலை இருந்திட்டு வாறம். நீங்கள் இனி உள்ளி சாப்பிட வேண்டாம்."

இப்படியே, மூச்சு விடாமல் சொன்னேன். சொல்லி முடித்ததும் எனக்கு உடம்பு லேசாகிவிட்டது. அம்மா கத்துவார், என்னைக் கட்டிப்பிடிப்பார், நான் அவரைக் காப்பாற்றிவிட்டேன் என்று எல்லோரும் பிறகு சொல்வார்கள் என்று நினைத்தேன். அம்மா கையில் ஒட்டிய சோற்றை வழித்துக் கோப்பையில் போட்டார். கோப்பையைக் கட்டிலுக்குக் கீழே வைத்தார்.

"போய்க் கையைக் கழுவு" என்றார்.

மாமி எனக்கு அடித்த அடி தோளில் ஒரு கிழமை நின்றது. "பொறுக்க ஏலாமல் போச்சே உனக்கு" என்று சொல்லிச் சொல்லி அடித்தார். ஐயா போத்தலைக் கழுவி அலுமாரிக்கு மேலே பழையபடி வைத்தார். பால் வற்றுவதற்கு மல்லிகைப் பூவை நெஞ்சில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார்கள். உள்ளி நின்றது. அம்மா அழுததை நான் பார்க்கவில்லை. அதன் பிறகு அவர் உள்ளி தொடவே இல்லை. தணலில் சுடுவது, எனக்குப் பிதுக்கித் தருவது எல்லாம் போயிற்று. எங்கள் வீட்டு ரசத்தில் உள்ளி இல்லை. மாமிக்கு அது பிடித்த விஷயம்தான், ஆனால் அவர் ஒரு நாளும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

என்னோடு கதைப்பதும் குறைந்துவிட்டது. ஏசவில்லை, அடிக்கவில்லை. சோறு போட்டார், தலை வாரி இழுத்தார், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். ஆனால் வீட்டுக்கு வந்தால் "என்ன நடந்தது?" என்று கேட்பதில்லை. நானாகச் சொல்லத் தொடங்கினால் எழும்பிப் போய்விடுவார். பிள்ளையை இழந்த துக்கம் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னவளைப் பார்க்க வெட்கம் என்றுகூட ஒரு வயதில் நினைத்திருக்கிறேன். என் பெருமை அப்படி.

பதினாறு வருடம் கழித்து என் மகள் பிறந்தாள். மாமி அப்போது இல்லை. அம்மா வந்து பத்தியத்துக்கு நின்றார். முதல் வேலையாகப் படலைக்குப் போய் மீன்காரரை மறித்து, பால்சுறா வாங்கினார். அவரே வெட்டினார், உள்ளி உரித்தார், காய்ச்சினார். அவர் உள்ளி தொட்டு நான் பார்த்தது அத்தனை வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான். கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்தார்.

"மாமியின்ரை கறியிலை மீன் இல்லை" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். தம்பியைப் பற்றி அந்த வீட்டில் ஒருவரும் கதைத்ததில்லை.

"நீ பிறக்கேக்கை மூக்கைக் கட்டிக்கொண்டு சுறா காய்ச்சின மனிசி. காய்ச்சல் எண்டு சொன்னா. காய்ச்சல் விட்டாப் பிறகும் மீன் வரேல்லை. செத்த வீடெண்டால்தான் அந்த மனிசி மீனைப் படலையோடை திருப்பும்."

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"பத்தியம் தந்த முதல் நாளே தெரியும். மீன்காரன் பாம் பாம் எண்டு வந்து படலையிலை நிண்டவன். ஒரு கதை கேக்கேல்லை. போகேக்கை பாம் அடிக்கேல்லை, ஒழுங்கை முடியுமட்டும்."

மாமியால் எங்கள் எல்லோரையும் வைத்துப் பொய் சொல்ல முடிந்தது, வெறுத்த உள்ளியைக் கை நிறைய உரிக்க முடிந்தது, செத்த வீட்டுச் சட்டியில் மீனைப் போட மட்டும் முடியவில்லை. அது இப்போது விளங்குகிறது. அன்றைக்கு நான் கேட்டது வேறு.

"தெரிஞ்சுகொண்டு ஏன் பாலை எடுத்துத் தந்தனீங்கள்?"

"சுரந்தது. தந்தன்."

"அப்ப ஏன் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தனீங்கள்?"

அம்மா என் மடியில் கிடந்த பிள்ளையின் இடது காதை விரலால் தொட்டுப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"நீ வடிவாச் சொன்னனீ" என்றார். பிறகு, "எனக்கு முப்பத்தொண்டு வரைக்கும் நாள் இருந்தது. இன்னும் ரெண்டு கிழமை விட்டிருக்கலாம் நீ" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. உப்புக் குறைவு என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். அடுப்பில் சட்டி கொதிக்கிற சத்தம் கேட்டு எழும்பிப் போனார். அந்தக் கதை அதோடு சரி. பிறகு சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்தபோது அம்மா செத்துப்போனார். ஐயா அவருக்கு முதலே போய்விட்டார். திரும்பி வந்தபோது வீட்டில் கூரை இல்லை, அலுமாரி இல்லை, பச்சைப் போத்தலை எங்கே தேடுவது?

என் வயதுக்காரரே, மன்னிப்புக் கேட்க ஆளில்லாத பிழை ஒன்று உங்களிடமும் இருக்கும். நான் ஆறுதல் சொல்லமாட்டேன், எனக்கு ஒருவர் சொல்லியும் அது ஒட்டியதில்லை. மகள் சொல்கிற பெட்டி உள்ளியை நான் வாங்குவதில்லை. காலையில் சுளகை மடியில் வைத்து நாலு பல்லு உரிக்கிறேன். கை மணந்ததும் பதினெட்டாம் நாள் தொடங்கிவிடுகிறது. அன்றைக்கு அவன் இரண்டு கண்ணையும் திறந்தான். பத்தொன்பதாம் நாள் நேர்ஸின் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இருபதாம் நாள் கொட்டாவி விட்டான். முப்பத்தொன்று வரைக்கும் எனக்கு மனப்பாடம். கேட்கத்தான் ஆளில்லை.